ஒயின் திராட்சைத் தோட்டம்: வேர்ச்செடியிலிருந்து அறுவடை வரை

லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்கு வரும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதித் தமிழர்களில் பெரும்பாலோர் தரிசனம் முடிந்ததும் 580 நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு திரும்பிவிடுவார்கள். நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஊரைத் தாண்டி டெஸ்லா சாலையில் கொஞ்ச தூரம் போனால் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். (மின்சாரக் காருக்கும் இந்தச் சாலைக்கும் சம்பந்தமில்லை. நூறு வருடங்களுக்கு முன் அந்த மலைப்பக்கம் இருந்த ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரின் பெயர் டெஸ்லா.) நானும் பல வருடங்கள் கோயிலோடு திரும்பியவன்தான். 2018ல் நண்பர் ஒருவர் அந்தப் பக்கம் நான்கு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீட்டை வாங்கி, அதில் இரண்டு ஏக்கரில் ஒயின் திராட்சை போடப்போவதாகச் சொன்ன பிறகுதான் அந்தச் சாலை எனக்குப் பழக்கமானது.

நண்பருக்குச் சொந்த ஊர் கம்பம் அருகே சுருளிப்பட்டி. அப்பா பன்னீர் திராட்சை விவசாயி. "இதெல்லாம் ரத்தத்துலயே இருக்குடா" என்றார். ரத்தத்தில் இருந்தது வேறு திராட்சை என்பது பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை எக்செல்லில் வரவு செலவுக் கணக்கு போடுவது. மென்பொருள்காரனுக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டது.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ் வேதாகமத்தில் திராட்சரசம் என்பார்கள். பழைய தமிழில் கொடிமுந்திரி. யாழ்ப்பாணத்து நண்பர்கள் முந்திரிகை என்பார்கள். நான் புழக்கத்தில் இருக்கும் திராட்சை, ஒயின் என்ற சொற்களையே எழுதுகிறேன்.

கடையில் வாங்கித் தின்கிற திராட்சையும் ஒயின் திராட்சையும் பெரும்பாலும் ஒரே தாவர இனம்தான், விடிஸ் வினிஃபெரா. ஆனால் இரண்டிலும் எதிர்பார்ப்பு நேரெதிர். தின்கிற பழம் பெரிதாக, சாறு மிகுந்து, தோல் மெலிந்து இருக்கவேண்டும். ஒயின் பழம் சுண்டைக்காய் அளவில், விதையும் தடித்த தோலுமாக இருந்தால் நல்லது. சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருகின்றன; பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். சர்க்கரையும் அதிகம் வேண்டும். பறிக்கும்போது சாற்றில் எடைக்கு 24 விழுக்காடு சர்க்கரை இருந்தால் ஏறக்குறைய 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயின் வரும். ஆகவே ஒயின் திராட்சை வளர்ப்பவன் கொடிக்கு எல்லாவற்றையும் கொஞ்சம் குறைவாகவே கொடுக்கிறான். தண்ணீர் குறைவு, உரம் குறைவு, காய் குறைவு. நம் ஊர் விவசாயிக்கு இது ஜீரணமாகாத சங்கதி.

வெப்பக் கணக்கு

எந்த ரகம் எங்கே விளையும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கணக்கு உண்டு. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் அமரின், விங்க்ளர் இருவரும் 1944ல் வெளியிட்டது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை 214 நாட்கள். ஒவ்வொரு நாளும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தின் சராசரியை எடுத்து, அதில் 50 பாகை ஃபாரன்ஹீட்டைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். பகலில் 84, இரவில் 52 என்றால் சராசரி 68. அன்றைய வரவு 18. ஐம்பதுக்குக் கீழே திராட்சைக்கொடி வளர்வதில்லை என்பதே இதன் அடிப்படை. மொத்தம் 2500க்குள் இருந்தால் முதல் மண்டலம். அதன்பின் 500க்கு ஒரு மண்டலமாக ஏறி, 4000க்கு மேல் ஐந்தாம் மண்டலம். முதல் மண்டலத்தில் பினோ நுவார், ஷார்டனே. மூன்றில் கபர்னே சோவின்யோன், ஜின்ஃபாண்டல். ஐந்தில் அளவு நிறைய கிடைக்கும், தரம் எதிர்பார்க்கக் கூடாது என்பது பொது விதி.

நான்கு வரி நிரலில் முடிகிற கணக்கு இது. எண்பது வருடங்களாகத் தாக்குப்பிடிக்கிறது என்பதே ஆச்சரியம். குறைகளும் உண்டு. பகல் 100, இரவு 50 உள்ள ஊரும், பகல் 80, இரவு 70 உள்ள ஊரும் இதில் ஒன்றாகத் தெரியும். ஆனால் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுவது இரவுக் குளிர். லிவர்மோர் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காகக் கிடப்பதால் மாலையில் விரிகுடாவின் குளிர்காற்று உள்ளே வந்துவிடும். மண் பல இடங்களில் கூழாங்கல் கலந்தது, நீர் நிற்காது. கன்கானன், வென்டி ஆகிய இரண்டு பழைய ஒயின் ஆலைகளும் 1883ல் இங்கே தொடங்கியவை. கலிஃபோர்னியாவின் ஷார்டனே கொடிகளில் பெரும்பகுதிக்கு மூலம் வென்டி தோட்டத்துக் குச்சிகளே. 1965ல் கன்கானன் தோட்டத்திலிருந்து டேவிஸுக்கு எடுத்துச்சென்று, நச்சுயிரி நீக்கி, எண் கொடுத்துப் பரப்பிய கபர்னே வழிகள் 7, 8, 11 என்று இன்றும் நாற்றுப்பண்ணைகளில் கிடைக்கின்றன. நண்பர் தேர்ந்தெடுத்தது எட்டாம் எண். ஊர்ப்பாசம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேர்ச்செடி

ஒயின் திராட்சை பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு மிகவும் அதிர்ச்சி தந்த விஷயம், தோட்டத்தில் வெளியே தெரியும் கொடியும் மண்ணுக்குள் இருக்கும் வேரும் வேறுவேறு செடிகள் என்பதுதான். நாம் மாமரத்தில் ஒட்டுக்கட்டுவது விரைவாகக் காய்க்க, ரகம் மாறாமல் இருக்க. திராட்சையில் ஒட்டுக்கட்டுவது உயிர் பிழைக்க.

கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி, அசுவினிக்கு உறவு, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். 1860களில் ஏதோ ஒரு கப்பலில் செடிகளோடு ஐரோப்பா சேர்ந்தது. பிரான்சின் தெற்கே கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்துபோயின. காய்ந்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி இருக்காது. அது பக்கத்துச் செடிக்குப் போயிருக்கும். 1868ல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் உடன் சென்றவர்களும் இன்னும் சாகாத செடி ஒன்றைத் தோண்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இந்தப் பூச்சி சாறு உறிஞ்சுவதால் மட்டும் செடி சாவதில்லை. கடித்த இடம் வீங்கிப் புண்ணாகி, அதன் வழியே பூஞ்சை நுழைந்து வேர் அழுகுகிறது. பூச்சியோடு கூடவே வளர்ந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் கடிபட்ட இடத்தைத் தக்கை போன்ற படலத்தால் மூடிக்கொள்ளும். ஐரோப்பியக் கொடிக்கு அந்த வித்தை தெரியாது. எனவே அமெரிக்க வேர், ஐரோப்பியத் தலை. அன்று முதல் உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் இப்படித்தான். சிலியும், மணற்பாங்கான சில இடங்களும் விதிவிலக்கு.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கலிஃபோர்னியாவில் 1960களிலும் 70களிலும் புதிய தோட்டங்கள் மளமளவென்று வந்தபோது, பெரும்பாலானோர் நட்டது ஏஎக்ஸ்ஆர்-1 என்ற வேர்ச்செடி. பிரான்சில் கான்ஸான் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கலப்பு அது. பெற்றோரில் ஒன்று அமெரிக்க ரூபெஸ்ட்ரிஸ். மற்றொன்று அராமோன் என்ற ஐரோப்பியத் திராட்சை. அதாவது பாதி ரத்தம் எதிர்ப்புச் சக்தி இல்லாதது. சிசிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதை நட்டு, ஃபிலாக்ஸெராவிடம் ஏற்கெனவே தோற்றிருந்தார்கள். ஐரோப்பியர்கள் எச்சரித்தும் இருந்தார்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் நடந்த பரிசோதனைகளில் அது பிரமாதமாக வந்தது. சுலபமாக வேர்விடும், ஒட்டு நன்றாகப் பிடிக்கும், எந்த மண்ணிலும் வளரும், காய்ப்பும் அதிகம். டேவிஸ் பல்கலைக்கழகமும் அதையே பரிந்துரைத்தது. இங்கே பல வருடங்கள் தாங்கியிருக்கிறதே, அங்கே நடந்தது அங்கே என்ற எண்ணம்.

1983ல் நாபாவில் ஒரு தோட்டத்தில் கொடிகள் சோரத் தொடங்கின. ஏஎக்ஸ்ஆர்-1 வேரில் நன்றாகப் பெருகக்கூடிய ஒரு வகை ஃபிலாக்ஸெரா அங்கே இருந்தது. 'பி' வகை என்று பெயரிட்டார்கள். பல்கலைக்கழகம் ஏஎக்ஸ்ஆர்-1 நடவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது 1989ல். இடைப்பட்ட ஆறு வருடங்களிலும் நட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 1990களில் நாபா, சோனோமா பகுதித் தோட்டங்களில் பெரும்பகுதியைப் பிடுங்கி எரித்து மறுபடி நட்டார்கள். இழப்பைப் பல நூறு மில்லியன் டாலர்களில் மதிப்பிடுகிறார்கள். செயின்ட் ஜார்ஜ் என்ற பழைய வேர்ச்செடியில் நட்டிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழு அமெரிக்க ரத்தம். காய்ப்பு ஒழுங்கில்லை, இலை அதிகம் என்று கைவிடப்பட்டது அது.

மறுநடவால் நன்மையே விளைந்தது, ரகமும் இடைவெளியும் சரியாயின என்று சொல்பவர்கள் இன்று உண்டு. உண்மையாகவும் இருக்கலாம். கடனை அடைத்தவர்கள் சொல்லட்டும்.

என்னை இது பாதித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் தொழிலில் தப்பான முடிவு எடுத்தால் அடுத்த வாரம் ஒரு திருத்தம் அனுப்பிவிடலாம். இங்கே முதல் வருடம் மண்ணுக்குள் போன முடிவு பதினைந்தாம் வருடம்தான் தவறு என்று தெரியவருகிறது. பரிசோதனையில் பாஸ், களத்தில் பத்து வருடங்கள் ஓட்டம், அப்புறம் மரணம். பரிசோதித்தவர்கள் முட்டாள்கள் அல்ல. பூச்சி மாறும் என்பதற்குப் பரிசோதனையில் இடமில்லை, அவ்வளவுதான்.

இன்று கிடைக்கும் வேர்ச்செடிகள் பெரும்பாலும் ரூபெஸ்ட்ரிஸ், ரிபாரியா, பெர்லாண்டியேரி என்ற மூன்று அமெரிக்க இனங்களின் கலப்புகள். மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். நண்பர் நிலத்தில் ஜேசிபி போன்ற ஒரு இயந்திரத்தை வரவழைத்து ஆறு இடங்களில் ஆளுயரக் குழி தோண்டினோம். மேல் ஏக்கரில் இரண்டடிக்குக் கீழே முழுக்கக் கூழாங்கல். கீழ் ஏக்கரில் களிமண், பிப்ரவரியில் குழிக்குள் தண்ணீர் நின்றது. ஒரே வேலிக்குள் இரண்டு நிலம்! மேலே 110ஆர் என்ற, ஆழமாகப் போய் வறட்சி தாங்கும் வேர். கீழே 101-14 என்ற, ஈரமண் பொறுத்துக்கொண்டு கொடியின் வேகத்தையும் அடக்கும் வேர். நாற்றுப்பண்ணையில் ஒட்டுச்செடிக்கு ஒரு வருடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். நச்சுயிரிப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாத செடியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. 2012ல் அடையாளம் காணப்பட்ட சிவப்புத் திட்டு நச்சுயிரி வந்தால் செடி சாகாது. பழத்தில் சர்க்கரை ஏறாது. மருந்தும் கிடையாது.

நடவும் முதல் மூன்று வருடங்களும்

2019 ஏப்ரலில் நட்டோம். வரிசைக்கு வரிசை 8 அடி, செடிக்குச் செடி 5 அடி. ஒரு செடிக்கு 40 சதுர அடி, ஏக்கருக்கு 1089 செடிகள். ட்ராக்டர் திரும்பும் இடம் போக இரண்டு ஏக்கரிலும் ஏறக்குறைய இரண்டாயிரம். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே நாலைந்து அங்குலமாவது இருக்கவேண்டும். புதைந்துவிட்டால் மேல்செடி தானே வேர்விட்டு, அமெரிக்க வேர் வீணாகிவிடும். ஒவ்வொரு செடிக்கும் அட்டைக்கூடு, முயலுக்காக. மானுக்கு வேலி. கோஃபர் என்ற மண்ணெலிக்கு வேலியும் கிடையாது, கூடும் கிடையாது. முதல் வருடம் எழுபது செடிகளுக்கு மேல் வேரோடு போயின. பக்கத்துத் தோட்டக்காரர் கம்பத்தில் மரப்பெட்டி மாட்டச் சொன்னார். அடுத்த வருடம் ஒரு ஜோடி கூகை குடிவந்தது. நம் ஊரில் கூகை கத்தினால் ஆகாது. இங்கே அதற்கு வாடகை இல்லாத வீடு.

முதல் வருடம் செடியை அதன் போக்கில் விட்டு வேர் வளர்க்கவேண்டும். இரண்டாம் வருடம் ஒரே ஒரு தண்டை நேராக ஏற்றி, இடுப்பு உயரக் கம்பியில் இரண்டு கைகளாகப் பிரித்து விடவேண்டும். மூன்றாம் வருடம் கொஞ்சம் காய். முழு மகசூல் நாலைந்து வருடங்கள் கழித்து. அதுவரை செலவு மட்டும்தான். என் எக்செல்லில் அந்தப் பகுதி முழுக்கச் சிவப்பு.

2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து லிவர்மோருக்குத் தெற்கே மலை முழுக்க எரிந்தது. எங்களிடம் அந்த வருடம் காய் இல்லை, தப்பித்தோம். புகையில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் பழத்தோலில் நுழைந்து சர்க்கரையோடு பிணைந்துவிடும். அப்போது பழத்தைத் தின்றால் ஒன்றும் தெரியாது. நொதிக்கும்போதும், பிறகு குடிப்பவர் வாயிலும் பிணைப்பு உடைந்து, சாம்பலை நக்கியது போன்ற சுவை வரும். நாபாவில் அந்த வருடம் சிவப்பு ஒயினே போடாத ஆலைகள் பல.

கவாத்து

2022 ஜனவரியில் நண்பரின் அப்பா ஊரிலிருந்து வந்தார். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "என்ன தம்பி, கொடிய முட்டி போட வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். கம்பத்தில் ஆளுயரப் பந்தல். கொடி மேலே படரும், குலை கீழே தொங்கும், வெயில் நேரடியாகப் படாது. அங்கே குளிர்காலம் இல்லாததால் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கலாம். அவர்கள் பயிரிடுவது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். 2023ல் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. இங்கே கொடி நவம்பரில் இலை உதிர்த்து, மார்ச் வரை செத்தது போல் கிடக்கும்.

ஆனால் கத்திரியைக் கையில் எடுத்ததும் அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. போன வருடம் வளர்ந்த குச்சியில் இரண்டு கணு விட்டு மிச்சத்தை வெட்டவேண்டும். காய்ப்பது அந்தக் கணுவிலிருந்து வரும் புதுத்துளிரில்தான். அடுத்த வருடத்துக் குலை இந்த வருடம் பூக்கும் காலத்திலேயே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடும். அப்போது அந்த மொட்டுக்கு வெயில் படவில்லை என்றால் அடுத்த வருடம் குலை குறையும். ஆகவே கவாத்து என்பது இந்த வருடத்துக் காய்ப்பை எண்ணி விடுவது. அடுத்த வருடம் எந்தக் குச்சி என்பதையும் அப்போதே யோசிக்கவேண்டும். பெரியவர் ஒரு செடிக்கு இருபது வினாடிதான் எடுத்தார். நான் இரண்டு நிமிடம் எடுத்து, தப்பான குச்சியை வெட்டினேன்.

ஜனவரியில் வெட்டக்கூடாது என்பது அவருக்கும் எங்களுக்கும் நடந்த ஒரே சண்டை. இங்கே மழை குளிர்காலத்தில். ஈரத்தில் பரவும் யூடைப்பா என்ற பூஞ்சை வெட்டுக்காயம் வழியாக நுழைந்து, பல வருடங்கள் கழித்துக் கையையே காயவைக்கும். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளினால் காயம் சீக்கிரம் ஆறும்; துளிர்ப்பும் சில நாட்கள் தாமதமாகி ஏப்ரல் உறைபனியிலிருந்து தப்பும். பெரியவர் ஒரு மாதம் கத்திரியைச் சும்மா தீட்டிக்கொண்டிருந்தார்.

மகசூல் கணக்கு எளிது. செடிக்கு 12 குச்சி, குச்சிக்கு 2 கணு, கணுவுக்கு ஒரு துளிர், துளிருக்கு 2 குலை. ஆக 48 குலை. கபர்னே குலை கால் பவுண்டு என்று வைத்தால் செடிக்கு 12 பவுண்டு, ஏக்கருக்கு ஆறரை டன். நல்ல விலை கொடுக்கும் ஆலை கேட்பது மூன்றரை டன்னுக்குள். மிச்சத்தை ஜூலையில் பச்சையாக அறுத்துத் தரையில் போடவேண்டும். பெரியவர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். வாட்ஸாப்பில் தரையில் கிடந்த குலைகளைப் பார்த்துவிட்டு நண்பரிடம் இரண்டு நாட்கள் பேசவில்லை. அவர் ஊரில் ஏக்கருக்குப் பத்து டன் எடுப்பவர்.

சாம்பல் நோயும் வெயிலும்

சாம்பல் நோய்தான் கலிஃபோர்னியாவில் அன்றாட எதிரி. இதற்கு மழை வேண்டாம், மிதமான வெப்பமே போதும். டேவிஸில் கப்ளர், தாமஸ் இருவரும் உருவாக்கிய புள்ளிமுறை ஒன்று உண்டு. தொடர்ந்து ஆறு மணி நேரம் 70க்கும் 85க்கும் இடையே வெப்பம் இருந்த நாளுக்கு 20 புள்ளி சேர். இல்லாவிட்டால் 10 குறை. 95ஐத் தொட்டாலும் 10 குறை. இப்படி மூன்று நாட்கள் தொடர்ச்சியாக அமைந்தால் கணக்குத் தொடங்குகிறது. 60க்கு மேல் போனால் கந்தகம் தெளிக்கும் இடைவெளியைக் குறை. 30க்குக் கீழே இருந்தால் நீட்டிக்கலாம். ஒரு சின்ன வெப்பமானியை வைத்து இதற்கு நான் நிரல் எழுதினேன். இத்தனை வருடங்களில் தோட்டத்துக்கு நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான். கந்தகச் செலவு கண்ணெதிரே குறைந்தது.

நம் ஊரில் காப்பித் தோட்டத்துக்கும் பாக்குக்கும் அடிக்கிற போர்டோ கலவை இந்தத் தொழில் தந்த கொடைதான். 1880களில் போர்டோ பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறார்கள் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பார்க்க விஷம் போலத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த ஓரச் செடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மியார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885ல் கலவையின் செய்முறை வெளியானது.

தண்ணீர் சொட்டுநீர்தான். லிவர்மோரில் வருட மழை பதினைந்து அங்குலம் அளவு, கோடையில் பூஜ்யம். மண் ஈரத்தைப் பார்த்து விடுவதை விட இலையைக் கேட்டு விடுவது நல்லது. நண்பகலில் ஒரு இலையைப் பறித்து, காம்பு வெளியே தெரியும்படி ஒரு சிறு அழுத்தக் கலத்துக்குள் வைத்து, காம்பின் முனையில் நீர் கசியும்வரை காற்றழுத்தம் ஏற்றுவார்கள். எத்தனை பார் அழுத்தத்தில் கசிகிறதோ அத்தனை தாகம். சிவப்பு ரகங்களுக்குப் பத்துப் பார் தாண்டும்வரை பொறுத்திருப்பது வழக்கம். துளிரின் நுனி வளர்வதை நிறுத்தவேண்டும். அடி இலை மஞ்சளாகக் கூடாது.

2022ல் நாங்கள் செய்த தவறு தண்ணீரில் அல்ல, இலையில். குலைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று ஜூனில் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுவார்கள். வரிசைகள் வடக்கு தெற்கு என்றால் காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் மட்டும்தான் கிள்ளவேண்டும். பார்க்க அழகாக இருந்ததால் நாங்கள் இரண்டு பக்கமும் கிள்ளினோம். செப்டம்பர் 5ஆம் தேதி லிவர்மோரில் வெப்பம் 115ஐத் தாண்டியது. இரண்டே நாட்களில் மேற்குப் பக்கக் குலைகள் உலர்திராட்சையாகத் தொங்கின. ஏக்கருக்கு மூன்று டன் எதிர்பார்த்த இடத்தில் ஒன்றரை டன். வாங்க ஒப்புக்கொண்டிருந்த ஆலை அதிலும் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பந்தலின் அருமை எனக்கு அன்று புரிந்தது. இப்போது மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுகிறோம்.

2023 குளிர்ச்சியான, நீண்ட வருடம். அக்டோபர் நடுவில்தான் பறித்தோம். நல்ல பழம், முழு விலை. எக்செல்லில் முதல் தடவையாக ஒரு கட்டம் கறுப்பானது.

2024ல் வாங்க ஆளில்லை. அமெரிக்காவில் ஒயின் குடிப்பது குறைந்துவருகிறது, ஆலைகளின் கிடங்குகள் நிரம்பிக் கிடந்தன. அந்த வருடம் கலிஃபோர்னியாவில் அரைத்த ஒயின் திராட்சை 2004க்குப் பின் மிகக் குறைவு. பழம் இல்லாமல் அல்ல, பறிக்காமல் விட்டதும் ஒரு காரணம். நாபாவில் ஒரு டன் கபர்னேயின் சராசரி விலை 2023ல் எட்டாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. அதே ரகம் மத்தியப் பள்ளத்தாக்கில் சில நூறு டாலர். நடுவில் இருக்கும் எங்களைப் போன்ற சிறு தோட்டங்கள்தான் முதலில் கைவிடப்பட்டன. நண்பரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சட்டப்படி இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன் ஒயின் வரியில்லாமல் போட்டுக்கொள்ளலாம். அது ஒன்றேகால் டன் பழத்தில் முடிந்துவிட்டது. மற்றதைப் பறவைகள் தின்றன.

இப்போது இருக்கும் வழிகள் மூன்று. பிடுங்குவது ஒன்று. சந்தை திரும்பும் என்று இன்னும் இரண்டு வருடங்கள் கவாத்துச் செலவு செய்வது ஒன்று. மூன்றாவது, தலையை மாற்றுவது. வேரையும் தண்டையும் வைத்துக்கொண்டு, ஏப்ரல் மே மாதங்களில் தண்டின் மேற்பகுதியை அறுத்து, வேறு ரகக் குச்சியை ஒட்டுக்கட்டுவார்கள். ஒரு வருட மகசூல்தான் போகும். ஆறு வருடங்கள் வளர்ந்த வேர் என்பதால் புதுக்குச்சி வேகமாக ஏறும். நிபந்தனை ஒன்றுதான்: பழைய தண்டில் நச்சுயிரி இருக்கக்கூடாது. இருந்தால் புதுத்தலைக்கும் ஏறும், சில ரகங்களில் ஒட்டே செத்துவிடும்.

மேல் ஏக்கர் கபர்னேயை விட்டுவைப்பது, கீழ் ஏக்கரை சோவின்யோன் பிளாங்காக மாற்றுவது என்று நண்பர் சாய்ந்திருக்கிறார். கபர்னேயின் பெற்றோரில் ஒன்று அது. கபர்னே ஃபிராங்கும் சோவின்யோன் பிளாங்கும் கலந்து பிறந்ததே கபர்னே சோவின்யோன் என்று 1997ல் டேவிஸில் மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். வெள்ளை ஒயினுக்குக் கேட்பு அவ்வளவு விழவில்லை, செப்டம்பர் வெயிலுக்கு முன்பே பறித்தும்விடலாம். கீழ் ஏக்கரிலிருந்து நாற்பது செடிகளின் இலைக்காம்புகளைப் பொறுக்கி, உறையில் போட்டு, வரிசை எண் எழுதிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வந்த பிறகுதான் எக்செல்லைத் திறக்கவேண்டும்.